இரண்டு அச்சுகளுக்கு நடுவே

மாதிரிக் கப்பல் செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் உளியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன உளி, எத்தனை உளி, எங்கே வாங்குவது என்று. மரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. தூத்துக்குடியில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். ஷிப்பிங் ஏஜென்சிகளின் வரவேற்பறைக்கும், ஓய்வுபெற்ற கேப்டன்களின் வீட்டுக்கும், மாதா கோயில் நேர்ச்சைக்கும் கப்பல் செய்து கொடுத்திருக்கிறேன். நன்றாகத் தீட்டிய உளி இரண்டும் ஒரு சின்ன இழைப்புளியும் இருந்தால் முதல் கப்பலின் உடலைச் செதுக்கி முடித்துவிடலாம். மரம் சரியில்லை என்றால் பெட்டி நிறைய உளி இருந்தும் பிரயோசனம் இல்லை.

இன்றைக்குப் பெட்டியில் அடைத்த கப்பல்கள் வருகின்றன. உள்ளே லேசரில் வெட்டிய வங்குகள் என்கிற விலாச் சட்டங்கள், மெல்லிய பலகைக் கீற்றுகள், படம் போட்ட புத்தகம். வங்குகளை வரிசையாக நட்டு, கீற்றுகளை ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பல் மாதிரி ஒன்று எழும்பிவிடும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கப்பலை ஒரே கட்டையில்தான் செதுக்க வேண்டும் என்று நான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன். பெட்டிக் கப்பலில் வளைவை யாரோ ஒருவர் முன்னமே யோசித்து வெட்டித் தந்துவிடுகிறார். முழுக்கட்டையில் அந்த வளைவைச் செய்கிறவனே கண்டுபிடித்தாக வேண்டும். கப்பலின் உடம்பு ஏன் அங்கே பருத்து இங்கே ஒடுங்குகிறது என்பது கைக்குப் புரிவது அப்போதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது என் தாய்மாமா வழியாக. அவர் ஓடாவி, தோணி கட்டுகிற தச்சர். 1974-இல் புதுத் துறைமுகம் திறப்பதற்கு முன்னால், பெரிய கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாமல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்குவதெல்லாம் வள்ளங்கள். அந்த வள்ளங்களையும், கொழும்புக்குப் போகும் தோணிகளையும் கடற்கரை மணலில் வைத்தே கட்டினார்கள். மாமா காகிதத்தில் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. அடிக்கட்டையான ஏராவின் நீளத்தைச் சொன்னால் போதும். அகலம், ஆழம், முன்பக்கத்து அணியம் எவ்வளவு எழும்ப வேண்டும், பின்பக்கத்து அமரம் எங்கே ஒடுங்க வேண்டும் என்று மற்ற கணக்கெல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். வங்குக்கு மரம் எடுக்கப் போனால் மரத்தடியில் நின்று கிளைகளை அண்ணாந்து பார்ப்பார். இயற்கையாகவே வளைந்த கிளையாக இருக்க வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை குறுக்கே அறுபட்டுப் பலம் போய்விடும்.

புதுத் துறைமுகம் வந்தபிறகு கப்பல்கள் நேராக மேடையை அணைந்தன. வள்ள வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. தோணிகளில் இன்ஜின் ஏறியது. மாமா பழைய தோணிகளின் பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கும் வேலையோடு நின்றுகொண்டார். மிச்சம் விழுந்த கட்டைகளில் நான் சின்னச் சின்னத் தோணி செதுக்க ஆரம்பித்தேன். ஒரு ஏஜென்சி மேனேஜர் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு விலை கேட்டார். அதிலிருந்து இதுவே பிழைப்பாகிவிட்டது.

மரத்துக்கு வருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கையோடு தேக்குக் கட்டை கொண்டு வருவார்கள். விலை உயர்ந்தது, ஆகவே நல்லது என்ற நினைப்பு. நிஜக் கப்பலுக்குத் தேக்கை மிஞ்ச மரம் கிடையாது. சின்னக் கப்பலுக்கு அது ஒத்துவராது. தேக்கில் மணல் சத்து உண்டு, உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதன் துவாரங்கள் பெரியவை. இருபது அங்குலக் கப்பலில் அவை பள்ளம் பள்ளமாகத் தெரியும். வேம்பில் இழை முறுக்கிக்கொண்டு போகும். நேராகப் போகிற உளி திடீரென்று உள்ளே இறங்கிவிடும். பால்சா என்ற லேசான மரத்தைச் சிலர் வாங்கி வருகிறார்கள். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மரத்தில் விளிம்பு நிற்காது.

நான் கொடுப்பது குமிழ் மரம். வெளிர் நிறம், மிருது, நன்றாகக் காய்ந்துவிட்டால் வளையாது, வெடிக்காது. மஞ்சக்கடம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. இழை நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். சன்னபட்ணத்தில் பொம்மை கடைகிற வெட்பாலையும் அருமையான மரம்தான், ஆனால் பெரிய கட்டையாகக் கிடைப்பது கஷ்டம். முன்பெல்லாம் மரக்கடையில் போய் நின்றால் ஒவ்வொரு கட்டையும் எந்த ஊர்ப் பக்கம் வெட்டியது என்று கடைக்காரர் சொல்லுவார். இப்போது வெளிநாட்டு மரம் சைஸ் சைஸாக அறுத்து வந்து இறங்குகிறது. குமிழ் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்து, வந்ததும் வாங்கி, நிழலில் அடுக்கி, நடுநடுவே சட்டம் கொடுத்து ஒரு மழைக்காலத்தையாவது தாண்டவிட வேண்டும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு எடுத்த கட்டை கப்பலான பிறகு வெடிக்கும்.

அளவு விஷயத்தில் எங்கள் தச்சுக் கணக்கு கைகொடுக்கிறது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். நிஜத் தோணியின் ஒரு அடியை இரண்டு நூலாகக் குறைத்தால் எண்பது அடித் தோணி இருபது அங்குலத்தில் வரும். ஒரு நூலாகக் குறைத்தால் பத்து அங்குலம். புதிதாக வருகிறவர்கள் சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைத்துப் பத்து அங்குலத்தைக் கேட்பார்கள். சின்னதில்தான் கஷ்டம் அதிகம். அங்கே உளி அரை நூல் தவறினால் நிஜத்தில் அரை அடி தவறிய மாதிரி. நான் அடிக்கு இரண்டு நூல் என்றுதான் ஆரம்பித்து வைப்பேன்.

இருபது அடி அகலம் என்றால் கட்டைக்கு ஐந்து அங்குலம் வேண்டும். அதை ஒரே கட்டையாக எடுக்க மாட்டேன். மரத்தின் நடுக்குருத்து உள்ளே மாட்டிக்கொண்டால் வெடிப்பு நிச்சயம். ஒரே பலகையிலிருந்து இரண்டரை அங்குலமாக இரண்டு கட்டை அறுத்து, இழை இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடும்படி திருப்பி வைத்து ஒட்டுவேன். மாமா காலத்தில் வச்சிரப் பசை காய்ச்ச வேண்டும், அந்த நாற்றம் வீடு முழுக்க நிற்கும். இப்போது ஃபெவிகால் தடவிக் கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் போதும். இப்படி ஒட்டுவதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. ஒட்டின இடமே கப்பலின் நடுக்கோடு. பென்சிலில் போட்ட நடுக்கோடு இழைப்புளி ஒரு தரம் ஓடினதும் போய்விடும். ஒட்டுக்கோட்டை எவ்வளவு செதுக்கினாலும் அழிக்க முடியாது. இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்று கடைசிவரை அதை வைத்தே அளக்கலாம்.

கட்டை நான்கு பக்கமும் சதுரமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. பாய்மரத்துக்குத் துளை போட வேண்டும். பாய்மரம் சாய்வாக நிற்குமென்றால் அந்தச் சாய்வோடு போட வேண்டும். உடம்பு உருண்ட பிறகு துளைபோட்டால் நேர் பிடிக்க ஆதாரமே இருக்காது. அப்புறம், மேல்தளத்தில் ஒரு பிடிகட்டையைத் திருகி வைக்க வேண்டும். வைஸில் அந்தப் பிடிகட்டைதான் மாட்டும், கப்பலின் உடம்பில் வைஸின் பல் படாது.

பக்கவாட்டு உருவத்தை முதலில் அறுப்போம். அறுத்து விழுந்த துண்டுகளைத் தூர எறிந்துவிடுவார்கள், எறியக்கூடாது. அவற்றை டேப் போட்டுத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினால் கட்டை மறுபடியும் சதுரமாகிவிடும், மேலே வரைந்த கோடும் தப்பித்திருக்கும். அப்படியே படுக்கவைத்து மேலிருந்து பார்க்கிற உருவத்தை அறுக்கலாம். டேப்பைப் பிரித்ததும் கைக்குள் ஒரு தோணி வந்துவிட்டது மாதிரி இருக்கும். அந்த நிமிஷத்தில் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடும். வேலை அங்கிருந்துதான் ஆரம்பம்.

இனி அச்சு. கப்பலைக் குறுக்கே ஒன்பது இடத்தில் வெட்டிப் பார்த்தால் என்ன வடிவம் தெரியுமோ, அதில் பாதியை ஒவ்வொன்றுக்கும் அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். பாதி போதும், அதையே திருப்பிப் பிடித்தால் மறுபக்கத்துக்கும் ஆகும், அதனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். வருஷக்கணக்காக நான் பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில்தான் அச்சு வெட்டினேன். வெந்நீரில் ஊறவைத்துக் கறுப்பைத் தேய்த்துக் கழுவினால் கண்ணாடியாகிவிடும். வரைபடத்தின் மேல் வைத்து ஊசியால் கீறி, கத்தரியால் வெட்டலாம். தண்ணீர் பட்டாலும் ஊறாது, ஓரம் தேயாது. இப்போது ஆஸ்பத்திரிகளில் படத்தை செல்போனுக்கே அனுப்பிவிடுகிறார்கள், ஃபிலிம் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு அச்சுக்கும் மேல்நுனியில் ஒரு காது விட வேண்டும். அந்தக் காது மேல்தளத்தில் உட்கார வேண்டும், கீழ்நுனி நடுக்கோட்டைத் தொட வேண்டும். இரண்டு நுனியும் உட்காராமல் நடுவில் மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு அண்ணாச்சி" என்று காட்டுவார்கள். அச்சு ஒரு நூல் ஏறி உட்கார்ந்திருந்தாலும் அது காட்டுகிற வளைவு பொய்.

செதுக்கும்போது முதலில் கப்பலின் நடு அச்சுக்கு நேரே ஒரு பள்ளம் இறக்குவோம். அச்சின் ஓரத்தில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துப் பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், மேடாக இருக்கிற இடத்தில் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி சாக்பீஸ், மறுபடி சீவல். நீலம் அங்கங்கே தீற்றலாக விழாமல் ஓரம் முழுக்க ஒரே கோடாக விழுந்தால் அந்த இடம் முடிந்தது. பிறகு அடுத்த அச்சு. இடப்பக்கம் ஒன்று செய்தால் வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகிற பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்திவிடுவேன். முடிந்த பக்கம் எப்போதும் அழகாகத் தெரியும், மறுபக்கம் அதைத் துரத்தி ஓடி மெலிந்துபோகும்.

உளி போகிற திசை நடுவிலிருந்து நுனிக்கு. நுனியிலிருந்து நடுவுக்குப் போனால் இழை எதிர்த்து மரம் பிய்ந்து வரும். ஒரே ஒரு இடத்தில் இந்த விதி மாறும். அமரத்தின் அடியில், சுக்கான் பக்கமாகத் தண்ணீர் ஓடிவருகிற இடம் உள்ளங்கைக் குழியாக உள்வாங்கியிருக்கும். அங்கே இழை இரண்டு பக்கமிருந்தும் குழிக்குள் இறங்குகிறது. ஆகவே இரண்டு பக்கமிருந்தும் செதுக்கி அடியில் சந்திக்க வேண்டும். குழியுளி தேவைப்படுகிற இடம் அது ஒன்றுதான். தைரியமில்லாதவர்கள் அங்கே மரத்தை மிச்சம் வைத்துவிடுவார்கள். யாராவது ஒரு மாதிரிக் கப்பலைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கவிழ்த்து அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

ஒன்பது பள்ளமும் இறங்கியாயிற்று என்றால் அச்சின் வேலை முடிந்தது. நடுநடுவே மரம் மேடாக நிற்கிறது. அந்த மேடுகளைப் பள்ளத்தோடு பள்ளமாகச் சேர்க்க வேண்டும். அதற்கு அச்சு கிடையாது. கப்பலின் உடம்பில் பெரும்பகுதி அச்சு தொடாத இடம்தான். படத்தில் இல்லாத அந்த இடங்களைக் கண்ணும் கையும்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே கருவி மூங்கில் சிம்பு. மெல்லியதாக, கணு இல்லாமல், ஒரே கனமாகச் சீவிக்கொள்ள வேண்டும். கப்பலின் உடம்பில் நீளவாக்கில், மூன்று அச்சுக்கோடுகளையாவது தாண்டும்படி வைத்து அழுத்தினால், மூங்கில் தன்பாட்டுக்கு ஒரு வளைவில் நிற்கும். அதன் அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம். மூங்கில் ஆடினால் அங்கே மேடு. மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலில் உப்புத்தாளை ஒட்டிக் குறுக்குச் சாய்வாக இழுத்தால் மேடு மட்டும் கரையும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் போய் அதை இன்னும் ஆழமாக்கிவிடும்.

ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு குண்டு பல்பைத் தாழ்வாகப் பக்கத்தில் வைத்துக் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் தெரியாத பள்ளமெல்லாம் பக்கத்து வெளிச்சத்தில் நிழலாக விழும். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இரண்டு கையால் தடவிப் பார்க்க வேண்டும். வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு சுழி.

ஒரு சரக்குக் கப்பல் கேப்டன் என்னிடம் நிறையக் கப்பல் செய்யக் கொடுத்தார். போகிற துறைமுகமெல்லாம் புத்தகம் வாங்குவார். அவர் வழியாகத்தான் அமெரிக்கக் கப்பல் கட்டுகிறவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ரோட் ஐலண்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்பவர் பந்தயப் பாய்க்கப்பல்கள் கட்டினார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பையைக் காத்து நின்றவை அவர் வடிவமைத்த கப்பல்கள். 1903-இல் ஓடிய ரிலையன்ஸ் அவற்றில் ஒன்று. அவர் முதலில் படம் போடமாட்டார். கப்பலின் ஒரு பாதியை மரத்தில் செதுக்குவார்; திருப்தியானபிறகு அந்த மரத்திலிருந்து அளவெடுத்துப் பெரிய கப்பலைக் கட்டுவார். அங்கே பல பட்டறைகளில் அதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. நாங்கள் பெரிய கப்பலைப் பார்த்துச் சின்னதைச் செய்கிறோம். அவர்கள் சின்னதைச் செய்து அதிலிருந்து பெரியதை எடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபிறகு செதுக்கும்போது எனக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. இந்த வளைவை அப்படியே பெரிதாக்கித் தண்ணீரில் இறக்கினால் ஓடுமா என்று கேட்டுக்கொண்டே செதுக்குகிறேன். பழகுகிறவர்களிடமும் அதையே கேட்கிறேன்.

வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் அன்னபூரணி வேண்டும் என்று வந்தார். வல்வெட்டித்துறை ஓடாவிகள் வேம்பில் கட்டிய பாய்க்கப்பல் அது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, அவ்வூர் மாலுமிகளையே வைத்து ஓட்டி, 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இங்கே என்னிடம் அதிகமாகக் கேட்கிறவை காலியாவும் லாவோவும், 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள். நீராவிக் கப்பலில் நடு உடம்பு நீளத்துக்கு மாறாமல் ஓடும், அங்கே செதுக்குகிறவனுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அன்னபூரணி மாதிரிப் பாய்க்கப்பலில் ஓர் அங்குலம்கூட முந்தின அங்குலத்தைப் போல இருக்காது. முதல் கப்பலுக்குப் பாய்க்கப்பலையோ தோணியையோ எடுக்கச் சொல்வது அதனால்தான். வந்தவர் முடிந்த உடம்பைக் கையில் வாங்கி அணியத்தைத் தடவிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பாய் கட்டவே இல்லை அப்போது.

செதுக்கி முடிந்த உடம்புக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு பூச்சு. காய்ந்தபிறகு, கார் பெயின்ட் அடிக்கிறவர்கள் பூசுகிற சாம்பல் நிற சர்ஃபேசர் ஒரு பூச்சு. மரத்தின் ரேகையும் நிறமும் மறைந்து உடம்பு ஒரே நிறமாகிவிடும். அதுவரை ரேகை மறைத்து வைத்திருந்த குற்றமெல்லாம் அப்போது வெளியே வரும். புட்டி வைக்கலாம். ஆனால் புட்டி நூல் கனத்துக்கு மேல் வேண்டியிருந்தால் அங்கே மரத்தையே வெட்டி ஒட்டித் திரும்பச் செதுக்கச் சொல்வேன்.

போன வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவன் மெஷினில் வெட்டிய தோணி உடம்பைக் கொண்டு வந்தான். கம்ப்யூட்டரில் படம் போட்டு, எங்கோ கொடுத்து வெட்டி வாங்கியது. "அண்ணாச்சி, பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றான். அழகாகத்தான் இருந்தது. மூங்கில் சிம்பை வைத்தேன். மூன்றாவது அச்சுக்கும் நாலாவதுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "மெஷின் தப்பு பண்ணாதே அண்ணாச்சி" என்றான். "மெஷின் பண்ணலடே, நீ போட்ட படத்திலேயே பள்ளம் இருக்கு" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒத்துக்கொண்டான். அச்சுகள் ஒன்பதும் அவன் படத்தில் சரியாகவே இருந்தன. அவற்றுக்கு நடுவே கம்ப்யூட்டர் தன்போக்கில் ஒரு வளைவைப் போட்டிருக்கிறது, அதைப் பார்க்க அவனுக்குக் கண் பழகவில்லை.

அவனுக்கு ஒரு குமிழ்க் கட்டையைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். இப்போது இரண்டு பக்கமும் பள்ளம் இறக்கி, மேடுகளைச் சேர்த்து, அமரத்தின் குழிக்கு வந்திருக்கிறான். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்னைக் கேட்காமலே சிம்பு வைத்துப் பார்த்துக்கொண்டான். பழைய படத்தையும் திருத்தியிருக்கிறான். ஏராவுக்கு இரண்டு நூல் கனத்தில் தேக்குச் சட்டம் அறுத்து வைத்திருக்கிறேன். அங்கே தேக்கு நிற்கும், செதுக்க வேண்டியதில்லை. குழி முடிந்ததும் அடியை ஏராவின் அகலத்துக்குத் தட்டையாக்கி, ஒட்டுக்கோட்டின் மேலேயே வைத்து ஒட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு அந்த வேலை.